ட்ரவன் மலை: பாறையில் வழி தேடுகிறவர்களுக்கு (வாசகர் கேள்வி – பதில்)

போன மாதம் ட்ரவன் மலையைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். வட வேல்ஸில், எரரி தேசியப் பூங்காவுக்குள் (பழைய வரைபடங்களில் ஸ்னோடோனியா), ஏ5 சாலையின் ஓரத்திலேயே நிமிர்ந்து நிற்கும் 917 மீட்டர் மலை. எந்தப் பக்கமாக உச்சிக்குப் போனாலும் ஓரிடத்திலாவது கையைப் பாறையில் வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரி பலரை உசுப்பிவிட்டது போலிருக்கிறது. நான் குடியிருக்கும் பெத்தெஸ்டாவிலிருந்து இந்த மலை காரில் பத்து நிமிடம்தான் என்பதால், வந்த கடிதங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லலாம். சிலருக்கு மட்டும் சுருக்கமாக.

கே: அக்கா, ஸ்க்ராம்பிளிங் என்கிறீர்களே, அது நடையா, பாறையேற்றமா? கயிறு வாங்க வேண்டுமா? (ஹாரோ வாசகர்)

இரண்டுக்கும் நடுவில். காலால் மட்டும் போனால் நடை. கயிறும் கொக்கியும் இல்லாமல் போகவே முடியாது என்றால் பாறையேற்றம். கையும் காலும் சேர்த்து, ஆனால் பெரும்பாலும் கயிறில்லாமல் போவது ஸ்க்ராம்பிளிங். பிரிட்டனில் இதை 1, 2, 3 என்று தரம் பிரித்திருக்கிறார்கள். 1 என்றால் கை தேவைப்படும், ஆனால் பழகியவர்கள் கயிறில்லாமல் போவார்கள். 2 வந்தால் சிலருக்கு, சில இடங்களில் கயிறு வேண்டியிருக்கும். 3 என்பது எளிய பாறையேற்றத்தின் வாசல். கயிறும் அதைக் கையாளத் தெரிந்தவரும் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ட்ரவனின் வடக்கு முகடு தரம் 1. அதைப் பார்த்து ‘ஓ, ஒன்றுதானே’ என்று கிளம்புகிறவர்களைத்தான் எனக்குப் பயம். அந்த எண், காய்ந்த பாறையில், காற்றில்லாத நாளில், சரியான வழியில் போகிறவருக்குக் கொடுத்தது. அதே முகட்டில் பத்து மீட்டர் பக்கவாட்டில் தள்ளிப் போனால் நீங்கள் நிற்பது தரம் 3 பாறையாக இருக்கலாம். அங்கே யாரும் பலகை வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே கயிறு வாங்குவதற்கு முன்னால் வழி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டத் தெரியாத கயிறு பையில் வெறும் சுமை. அதை நம்பிக் கூடுதலாக ஓரடி எடுத்து வைத்தால் சுமையை விட மோசம்.

கே: சாலையோரம் காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். அடி முதல் நுனி வரை பாறை. பாதை என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. வீடியோக்கள் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனேன். நீங்களெல்லாம் எதைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறீர்கள்? (மான்செஸ்டர் வாசகர், பொறியாளர் என்று குறிப்பிட்டிருக்கிறார்)

முதல் சிக்கல் நீங்கள் நின்ற இடம். மலையடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாமே குறுகித் தெரியும். படுத்திருக்கும் சரிவும் செங்குத்துச் சுவரும் ஒன்றுபோலத் தோன்றும். நடுவே இருக்கும் தட்டைகள் மறைந்துபோகும். மலைமுகத்தைப் படிக்க விலகி நிற்க வேண்டும். ட்ரவனுக்கு நல்ல இடம், கேப்பல் குரிக்கிலிருந்து ஓக்வென் ஏரிப் பக்கம் வரும் சாலை. அங்கிருந்து கிழக்கு முகம் முழுவதும் தெரியும். வண்டியை ஒழுங்கான நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுக் கால்மணி நேரம் பாருங்கள். ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் வீடியோ எல்லாம் தேவையே இல்லை.

நேரமும் முக்கியம். விடிந்ததும் வெயில் கிழக்கு முகத்தில் நேராக விழும். அப்போது பாறை தட்டையாக, வண்ணம் பூசிய சுவராகத்தான் தெரியும். பத்து பதினொரு மணிக்கு மேல் சூரியன் தெற்கே நகர்ந்து ஒளி முகத்தை உரசிக்கொண்டு போகும்போதுதான் உள்ளே ஒடுங்கிய இடுக்குகள் நிழலாகவும் வெளியே துருத்திய பாறைத் தண்டுகள் வெளிச்சமாகவும் பிரிந்து தெரியும். ஏறப் போகும் நாளில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது, சரிதான். முந்தைய நாள் மதியமே வந்து பார்த்து, படம் எடுத்து, அதன் மேலேயே கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என்ன பார்ப்பது? கிழக்கு முகத்தில் மூன்று பெரிய பாறைத் தண்டுகள்: வலமிருந்து இடமாக வடக்கு, நடு, தெற்கு பட்ரஸ்கள். அவற்றுக்கு இடையே இடுக்குகள். இந்த மூன்றுக்கும் கீழே ஒரு கோடு வலப்பக்கம் தாழ்வாகத் தொடங்கி இடப்பக்கம் உயர்ந்துகொண்டே போகும். அதுதான் ஹெதர் டெரஸ், புதர் மண்டிய ஒரு பாறைத் தட்டு. வலது ஓரத்தில் வானத்தைத் தொடும் விளிம்பு, வடக்கு முகடு. இந்த ஆறேழு விஷயங்களைக் கண்ணை மூடிக்கொண்டு காகிதத்தில் வரைய முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பொறியாளருக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. வரைபடம் இல்லாமல் கட்டடத்துக்குள் போக மாட்டீர்கள்.

ஹெதர் டெரஸ் ஒரு நல்ல பாடம். சாலையிலிருந்து பார்த்தால் பென்சிலால் இழுத்த கோடு. அதன் தொடக்கத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் காணாமல் போய்விடும். கண்முன்னே இடுப்பளவு ஹெதர் புதரும் உருண்டு கிடக்கும் பாறைகளும்தான். கொஞ்சம் கீழேயே இன்னொரு தட்டு இதுதான் அது என்று ஆசை காட்டும். நம்பிப் போனால் நாலு நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் தேய்ந்துபோகும். இதற்குத்தான் தூரத்திலிருந்து பார்க்கும்போதே ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது. வெளுத்த பாறைத் திட்டு, தனித்து நிற்கும் கல், ஏதாவது. ‘அந்தத் திட்டுக்கு மேலே, அந்தச் சரளைக்கு இடப்புறம்’ என்று வாயால் சொல்லி மனதில் போட்டுக்கொள்ளுங்கள். டெரஸில் ஏறிவிட்டால் அப்புறம் பாதை தெளிவு. வழியில் ஒரு பாறையின் அடியில் ஜி.ஏ. என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் கீறியிருப்பதைப் பார்ப்பீர்கள். குரூவ்டு அரெட் என்கிற பழைய பாறையேற்ற வழியின் தொடக்கம் அது. கயிறு கட்டி ஏறுகிறவர்களுக்கே ‘எந்தப் பாறையடியில் நிற்கிறோம்’ என்பது இந்த முகத்தில் குழப்பம்தான் என்பதற்கு அந்தக் கீறல் சாட்சி. நீங்கள் அங்கே ஏற வேண்டாம். இடப்பக்கம் மேல்நோக்கி நடந்துகொண்டே இருங்கள். டெரஸ் உங்களை உச்சிக்குத் தெற்கே உள்ள ஒரு கணவாயில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி, எளிய பாறைகளில் கை வைத்து உச்சி. முதல் முறை வருகிறவர்களுக்கு வடக்கு முகட்டை விட இதைத்தான் நான் சொல்வேன், எல்லோரும் முகட்டைப் புகழ்ந்தாலும்.

வடக்கு முகட்டில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே வழி இல்லாமல் இல்லை, வழிகள் அதிகம். மைல்ஸ்டோன் பட்ரஸ் என்கிற பாறைக்கு அருகிலிருந்து கற்சுவரை ஒட்டி ஏறி, இடப்பக்கமாக முகட்டின் தோளுக்குப் போவது வரை ஒரே பாதை. அதற்கு மேல் பத்துப் பாதை. ஒவ்வொன்றும் நடந்து தேய்ந்தது. நான் வைத்திருக்கும் விதி எளிது: முதுகை விட்டு விலகாதே. இரண்டு பக்கமும் வானம் தெரிகிற உச்சிக்கோட்டுக்கு அருகிலேயே இருங்கள். ஒரு பாறைப் படி மிரட்டினால் பெரும்பாலும் இடப்பக்கம், அதாவது கிழக்கே, அதைச் சுற்றிப்போக இடம் இருக்கும். சுற்றியதும் மறுபடி முதுகுக்கு வந்துவிட வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சுற்றல் எளிதாக இருக்கிறதே என்று இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் கிழக்கு முகத்தின் உடைந்த பாறைகளுக்கு மேலே நின்றுகொண்டு, ‘இது தரம் 1 என்றார்களே’ என்று யோசிக்க வேண்டியதுதான்.

நடுவில் நல்ல சோதனைப் புள்ளி ஒன்று உண்டு: பீரங்கிக்கல். சாய்வாக வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் நீண்ட பாறை, சாலையிலிருந்தே தெரியும். அதன் பக்கத்தில் தட்டையான இடம். எல்லோரும் அதன் மேல் ஏறிப் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். ஆனால் அங்கே உட்கார்ந்து மேலே வரும் பகுதியையும் பாருங்கள். உண்மையான பாறை வேலை அதற்கு அப்புறம்தான். உச்சிக்கு முன்னால் வடக்குக் கோபுரம் வரும். அதைத் தாண்டி ஒரு பிளவுக்குள் கொஞ்சம் இறங்கித் திரும்ப ஏற வேண்டும். ஏறுகிற மலையில் இறங்குவதா என்று அங்கே பலர் தயங்கி வேறு வழி தேடுவார்கள். தேட வேண்டாம்.

தேய்மானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலடி பட்ட பாறையில் பாசிப்படலம் இருக்காது, பிடிகள் பளபளக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள பூட்ஸ் வருவதற்கு முன் ஆணி அடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏறியவர்கள் விட்டுப்போன வெள்ளைக் கீறல்கள் வேல்ஸின் பழைய வழிகளில் இன்னும் இருக்கின்றன. இவையெல்லாம் நல்ல அறிகுறிகள்தான், ஆனால் முழுதாக நம்பாதீர்கள். வழி தவறியவர்களும் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். நன்றாகத் தேய்ந்த தடம் ஒரு சுவரின் அடியில் போய் நின்றுவிடும். அங்கே வந்த அத்தனை பேரும் திரும்பிப் போனதால் தேய்மானம் இரட்டிப்பாகியிருக்கும்! ஆகவே தடம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்க்காதீர்கள், அந்தத் தடைக்கு மேலேயும் தொடர்கிறதா என்று பாருங்கள். காலடித் தட்டு மட்டும் தேய்ந்திருந்து, மேலே கைப்பிடிகள் சொரசொரப்பாக, பாசியோடு இருந்தால் அது முட்டுச்சந்து. இன்னொரு தொல்லை, காட்டு ஆடுகள். இந்த மலைத்தொடரில் அவை மந்தையாகத் திரியும். புதரில் அழகான ஒற்றையடித் தடம் போட்டு வைத்திருக்கும். ஆட்டுக்கு அது வழிதான்.

கடைசியாக, இறங்கிவிட முடியும் என்று தெரிந்ததில் மட்டும் ஏறுங்கள். ஏறும்போது கண்ணும் கையும் பக்கத்தில் இருப்பதால் பாறை எளிதாகத் தெரியும். இறங்கும்போது கால் வைக்கும் இடமே தெரியாது. சந்தேகமான படி வந்தால் இரண்டு எட்டு ஏறி, அங்கிருந்தே இறங்கிப் பாருங்கள். முடிந்தால் மேலே போகலாம். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை திரும்பியும் பாருங்கள். வந்த வழி பின்பக்கமாகப் பார்த்தால் வேறு மலையாக இருக்கும்.

பார்த்தும் பார்க்காமல் விடுவதில் பெரியவர்களும் விலக்கில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கான கும் இட்வலுக்கு 1831-ல் இளைஞர் சார்லஸ் டார்வின், புவியியலாளர் ஆடம் செட்ஜ்விக்குடன் வந்தார். புதைபடிவம் தேடி மணிக்கணக்கில் பாறைகளை ஆராய்ந்தார்கள். பனியாறு கீறிய பாறைகளும் அது தூக்கி வைத்துவிட்டுப் போன கற்களும் சுற்றிலும் கிடந்தன, இருவருமே கவனிக்கவில்லை. 1842-ல் திரும்பி வந்தபோதுதான் டார்வினுக்கு அவை கண்ணில் பட்டன. தீப்பிடித்து எரிந்த வீடு கூட இந்தப் பள்ளத்தாக்கு அளவுக்குத் தன் கதையைத் தெளிவாகச் சொல்லாது என்று பிற்பாடு எழுதினார். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் கண்ணைத் திறந்து வைத்து என்ன பயன்?

கே: இத்தனை பாடு எதற்கு? போனில் ஜிபிஎஸ் தடத்தை இறக்கிக்கொண்டு நீலப் புள்ளியைப் பின்தொடர்ந்தால் போதாதா? (லெஸ்டர் வாசகர்)

தட்டை நிலத்தில் போதும். இங்கே போதாது. செங்குத்துப் பாறைக்கு அருகில் வானத்தில் பாதி மறைந்திருக்கும். ஜிபிஎஸ் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வரும். புள்ளி பத்து மீட்டர் பிசகினாலே நீங்கள் பக்கத்து இடுக்கில் இருப்பதாகக் காட்டும். உங்களுக்கு முன் போனவர் பதிவுசெய்த தடத்திலும் அதே பிசகு இருக்கும். அவரே வழி தவறியவராக இருந்தால் இன்னும் விசேஷம்.

காகித வரைபடத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் (இந்தப் பகுதிக்கு ஓஎல்17) உயரக்கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்று. எட்டு மீட்டர் செங்குத்துச் சுவர் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே விழுந்தால் வரைபடத்தில் அது இருக்கவே இருக்காது. மூன்று மாடிக் கட்டடத்துக்குக் கொஞ்சம் குறைவான சுவர்! வரைபடமும் போனும் உங்களை மலையின் சரியான பக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மூடுபனியில் உச்சியிலிருந்து எந்தத் திசையில் இறங்குவது என்று சொல்லும். அதற்காக இரண்டையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். அடுத்த கையை எங்கே வைப்பது என்பதை அவற்றிடம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்று 1892-ல் நெய்ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். பல செயலிகள் இன்னும் அதை வைத்தே நேரம் காட்டுகின்றன. அது நடைக்கான கணக்கு. ஏரிக்கரையிலிருந்து ட்ரவன் உச்சிக்கு ஏறக்குறைய 600 மீட்டர் ஏற்றம், தூரம் சொற்பம். கணக்குப்படி ஒன்றரை மணிக்குள் போய்விடலாம். வடக்கு முகட்டில் புதியவர்கள் மூன்று மணி நேரம் எடுத்தால் அது சாதாரணம்.

கே: எனக்குப் பயமே, நடுவில் மாட்டிக்கொண்டு மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் நிற்பேனோ என்பதுதான். அப்படி ஆனால் என்ன செய்வது, அக்கா? (கார்டிஃப் வாசகி)

நியாயமான பயம். இந்த மலையில் அது அடிக்கடி நடக்கும் சங்கதியும் கூட. உடம்பில் அடியே பட்டிருக்காது. கை கால் நடுங்கும், அவ்வளவுதான்.

முதலில் நில்லுங்கள். உட்கார முடிந்தால் உட்காருங்கள். பையிலிருக்கும் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏதாவது சாப்பிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, வந்த வழியே மூன்று எட்டு இறங்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் முடியும். முடியாது என்றால் நகராதீர்கள். ‘கொஞ்சம் மேலே போனால் எளிதாகிவிடும்’ என்ற எண்ணம் வந்தால் அதைக் கேட்காதீர்கள். மாட்டிக்கொண்டவர்களை மேலும் மோசமான இடத்துக்கு இழுத்துப் போவது அந்த எண்ணம்தான்.

999-ஐ அழைத்து முதலில் போலீஸ் என்றும், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்றும் கேளுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் வருவது ஓக்வென் மலை மீட்புக் குழு. எல்லோரும் தன்னார்வலர்கள், காசு கேட்க மாட்டார்கள். தேவைப்பட்டால் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் கார்னார்வனிலிருந்து வரும். பேச்சுக்கு சிக்னல் போதாமல் குறுஞ்செய்தி மட்டும் போகும் இடங்கள் உண்டு. அதற்கு வீட்டிலிருந்தே ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்கு அனுப்பிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் செய்துவிடலாம், செய்யுங்கள். போனே வேலை செய்யாவிட்டால் விசில்: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, அப்புறம் ஒரு நிமிடம் சும்மா, மறுபடி ஆறு. கேட்டவர்கள் மூன்று முறை ஊதிப் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலைக் கேட்டதும் நிறுத்திவிடாதீர்கள். உங்களிடம் வந்து சேரும்வரை ஊதிக்கொண்டே இருங்கள், சத்தத்தை வைத்துத்தான் தேடுவார்கள்.

கூப்பிட வெட்கப்பட்டு இருட்டும் வரை உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. நம்மவர்களிடம் இந்தக் கூச்சம் கொஞ்சம் அதிகம். மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டால் மீட்பவர்களுக்கும் வேலை சுலபம்.

கே: உச்சியில் இருக்கும் இரண்டு கற்களுக்கு நடுவே தாவியே தீருவேன் என்கிறார் என் வீட்டுக்காரர். வயது நாற்பத்தெட்டு. தடுப்பதா, விடுவதா? (மில்டன் கீன்ஸ் வாசகி)

ஆதாம், ஏவாள் என்று அவற்றுக்குப் பெயர். வேல்ஸ் மொழியில் ஷோன், ஷான். ஆளை விட உயரமாக நிமிர்ந்து நிற்கும் இரண்டு கற்கள். இடைவெளி ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் ‘ட்ரவனின் சுதந்திரம்’ கிடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார்கள். தரையில் கோடு போட்டால் உங்கள் வீட்டுக்காரர் மட்டுமல்ல, அவர் அம்மாவும் தாண்டுவார். அங்கே தாவுகிற தளம் சின்னது, பளபளவென்று வழுக்கும், கொஞ்சம் அந்தப் பக்கம் கிழக்கு முகம் விழுகிறது. தாவி முடித்ததும் கல்லிலிருந்து இறங்கவும் வேண்டுமே, அதை யாரும் யோசிப்பதில்லை. நான் தாவியதில்லை, தாவப் போவதுமில்லை. காய்ந்த நாளில், ஏறி நின்று பார்த்துவிட்டு அவரே முடிவெடுக்கட்டும். நீங்கள் கேமராவைத் தூக்காமல் இருந்தாலே பாதி ஆசை அடங்கிவிடும்.

கே: எங்கள் ஊரிலும் மலைகளுக்குப் பஞ்சமில்லை. இந்த மாதிரிப் பாறை வழிகளை மேற்குத் தொடர்ச்சி மலையில் தேடலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பாறையே வேறு. ட்ரவன் ஏறக்குறைய 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறை. பின்னால் பனியாறுகள் குடைந்து, உறைபனி வெடிப்புகளில் புகுந்து உடைத்து, விளிம்பும் படியும் பிளவுமாக ஆக்கி வைத்திருக்கிறது. கை வைத்த இடத்தில் பிடி. நீலகிரியின் சார்னொகைட் பாறைக்கு வயது 250 கோடி ஆண்டு அளவில். அங்கே பனியாறு வேலை செய்யவில்லை. வெயிலும் மழையும் வெங்காயத் தோல் உரிவதுபோல் ஏடு ஏடாக உரித்து வழவழப்பாக்கிவிட்டன. அப்படிப்பட்ட சரிவில் கை வைக்கப் பிடியே இருக்காது. உராய்வை நம்பித்தான் நிற்க வேண்டும். காய்ந்திருந்தால் நடந்தே ஏறலாம், நனைந்தால் நிற்கவே முடியாது. ஆகவே இங்கே நான் சொன்ன ‘படி பார், பிடி பார்’ வித்தை அங்கே அப்படியே செல்லாது.

நம் ஊரில் கையும் காலும் வைத்து ஏறும் அனுபவம் வேண்டுமென்றால் திருவண்ணாமலைப் பக்கம் பர்வதமலை இருக்கிறது. பாறையில் கடப்பாறைகளை அடித்து, சங்கிலி போட்டு, பக்தர்கள் காலங்காலமாக ஏறுகிறார்கள். அங்கே வழியைத் தேட வேண்டியதில்லை. முன்னோர் தேடி இரும்பு அடித்து வைத்துவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் உங்கள் இஷ்டத்துக்குப் புது வழி தேடுவது வேறு விஷயம். பெரும்பகுதி காப்புக்காடு, அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது வனத்துறையே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று இணையத்தில் பதிவுசெய்து, வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது. அதில் போங்கள்.

கே: 1953 எவரெஸ்ட் அணி இங்கேதான் பயிற்சி எடுத்ததாமே? (பர்மிங்காம் வாசகர்)

ஆமாம். இந்த மலைகளில் பயிற்சி எடுத்தார்கள். தங்கியது பென்-இ-குவ்ரிட் என்ற பழைய விடுதியில். அணியினர் கையெழுத்திட்ட உட்கூரையை இன்றும் பார்க்கலாம். உள்ளே போனால் ஏதாவது வாங்கிக் குடித்துவிட்டுப் பாருங்கள், அது அருங்காட்சியகம் இல்லை.

கே: பத்து வயது மகள் மரம், சுவர் எதையும் விடமாட்டாள். அழைத்துப் போகலாமா? வழிகாட்டி வைத்துக்கொள்வதென்றால் யாரைக் கேட்பது? (ரெடிங் வாசகர்)

அவள் ஏறிவிடுவாள். கவலை உங்களைப் பற்றித்தான்: அவள் உங்களுக்கு மேலே போய்விட்டால் எட்டிப் பிடிக்க உங்களால் முடியுமா? முதலில் மலையடியிலேயே ட்ரவன் பாக் என்று ஒரு சாய்ந்த பாறைத் தளம் இருக்கிறது, பண்ணைக்குப் பக்கத்தில். கயிறோடு ஏறப் பழகுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் தொடங்குகிறார்கள். ஒரு நாள் அங்கே விடுங்கள்.

வழிகாட்டியைப் பொறுத்தவரை ஒரு நுணுக்கம் தெரிந்துகொள்ள வேண்டும். ‘மவுண்டன் லீடர்’ சான்றிதழ் நடை மலைகளுக்கானது. கயிறு போட்டுத் திட்டமிட்டு ஸ்க்ராம்பிளிங் அழைத்துப் போவது அதில் சேராது. அதற்கு ‘மவுண்டனியரிங் அண்ட் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர்’ தகுதி உள்ளவர் வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள். நல்லவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். ஹெல்மெட் இருவருக்கும். உங்கள் மேல் கல் விழுவது பெரும்பாலும் உங்களுக்கு மேலே ஏறுகிற மனிதர்களால்தான், விடுமுறை நாளில் மேலே ஆள் இல்லாமல் இருக்காது.

கே: ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எந்தப் பக்கம் இறங்குவது? (நியூகாஸில் வாசகர்)

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். உச்சியில் நின்றால் வடமேற்கே கீழே ஏ5 சாலையும் நிறுத்திய காரும் பொம்மை போலத் தெரியும். நடுவில் சரளை இடுக்குகள். ‘நேராக இறங்கினால் அரை மணி’ என்று தோன்றும். போகாதீர்கள். அந்த இடுக்குகளில் பல மேலே சாய்வாகத் தொடங்கி, கீழே பாறை விளிம்பில் முடிகின்றன. மேலிருந்து பார்க்கிறவருக்கு அந்த விளிம்பு தெரியவே தெரியாது. ஏறிய வடக்கு முகட்டிலேயே இறங்குவதும் புதியவர்களுக்கு வேண்டாம். கிளைவழிகள் இறங்கும்போது இன்னும் அதிகமாகக் குழப்பும்.

சரியான வழி தெற்கே. பாறைகளில் கவனமாக இறங்கி, தெற்கு முகட்டை ஒட்டியே போனால் புல்ச் ட்ரவன் என்ற கணவாய் வரும். குறுக்கே ஒரு கற்சுவர் ஓடும், அதுதான் அடையாளம். எதிரே பற்களை விரித்துக்கொண்டு நிற்பது பிரிஸ்ட்லி ரிட்ஜ். அதுவும் தரம் 1, க்ளிடர் வாக் உச்சிக்கு (994 மீட்டர்) ஏற்றிவிடும். நேரமும் காலில் தெம்பும் இருக்கிறவர்களுக்கு அருமையான நாள். மணி இரண்டைத் தாண்டியிருந்தால் அதைப் பார்த்துக் கையாட்டிவிட்டு மேற்கே இறங்குங்கள். போக்ல்விட் ஏரி, அதிலிருந்து ஓடையை ஒட்டிய பாதை, முடிவில் இட்வல் காட்டேஜ் கார் நிறுத்துமிடம். அங்கே ஒரு சின்னத் தேநீர்க் கடை உண்டு. கார் மைல்ஸ்டோன் பக்கம் நிற்கிறதென்றால் ஏரியை ஒட்டிச் சாலையோரமாக இன்னும் இருபது நிமிட நடை. லாரிகள் வேகமாக வரும், பார்த்து நடங்கள்.